குடத்துக்கு வந்த பொட்டுக்கெண்டைகள்

வேங்கையாறு மலையைவிட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கிற இடத்தில், ஆலங்கயம் என்ற ஊரின் மேற்குக் கடைசியில், ஓடு போட்ட ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்துக்குள், ஆற்றைவிட்டுப் போய்விட்ட மீன்களின் தகப்பன்மார் எல்லாரும் உறைந்து கிடந்தார்கள். பொட்டுக்கெண்டை என்று பேர் அந்த மீனுக்கு. செவுள்மூடியில் குங்குமத்தைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ஒரு காலத்தில் ஆற்றின் ஒவ்வொரு கயத்திலும், அதாவது ஒவ்வொரு ஆழமான மடுவிலும், கூட்டம் கூட்டமாகத் திரிந்த அந்த மீன், வெடி போட்டும் மணலை அள்ளியும் சாக்கடையை விட்டும் குறைந்துகொண்டே வந்தபோது, இருக்கிற ஆண்மீன்களையாவது பிடித்து, வயிற்றை மெல்ல நீவி, வருகிற விந்தை ஊசி போன்ற குழல்களில் அடைத்து, தொட்டால் தோல் வெந்துபோகிற குளிருள்ள திரவ நைட்ரஜன் நிரப்பிய கேன்களில் முக்கி வைத்தவள் சண்பகவல்லி. மீனைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் ஊருக்கு அவள் மீன் டாக்டரம்மா.

நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும் சாதி. வாரா வாரம் திருநெல்வேலியிலிருந்து மீரான் தன் வேனில் கொண்டுவந்து ஊற்றவேண்டும். ஊற்றாவிட்டால் தகப்பன்மார் எல்லாரும் ஒரே நாளில் செத்துப்போவார்கள். அதனால் சண்பகவல்லி நல்லது கெட்டது எதற்கும் வெளியூரில் தங்கியதில்லை. தங்கை கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டி முடித்ததும் சாப்பிடாமல் பஸ் ஏறினவள். தூத்துக்குடியில் வேலை பார்க்கிற புருஷன் சனிக்கிழமைகளில் அவனாக வந்து பார்த்துவிட்டுப் போவான்.

இவ்வளவு காத்தும் ஒன்று குறைவாகவே இருந்தது. விந்தை உறைய வைக்கலாம். சினையை உறைய வைக்க உலகத்தில் யாருக்கும் கைகூடவில்லை. மஞ்சள்கருவும் தண்ணீருமாக இருக்கிற சினை, குளிரில் உடைந்து வெறும் நீராகிவிடும். ஆகவே தகப்பன்மார் கேன்களுக்குள் இருந்தார்கள், தாய்மார் சிமெண்டுத் தொட்டியில் இருந்தார்கள். தொட்டியில் இருந்ததெல்லாம் ஒரே கயத்தில் பிடித்த அக்கா தங்கைகள். வயதாகிச் சினை பிடிக்காமலே ஒவ்வொன்றாகக் கழிந்து, புரட்டாசியில் கடைசி ஒருத்தியும் மல்லாந்து மிதந்தாள். சண்பகவல்லி அவள் வாலில் ஒரு துண்டை நறுக்கிச் சாராயத்தில் போட்டு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டடத்துக்குப் பின்னால் புதைத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து குருபாதம் சார் ஃபோனில் பேசினார். நல்ல மனுஷன், கோபமாகப் பேசவில்லை.

"அப்பன்களை மட்டும் வச்சுக்கிட்டு என்னம்மா செய்யறது? தை மாசத்தோட மூடிடலாம்னு மேலே சொல்றாங்க. நீங்க மனசைத் தேத்திக்குங்க."

"சரி சார்" என்றாள் சண்பகவல்லி.

ஐப்பசி மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும், பஸ் ஸ்டாண்டு முக்கில் டிபன் கடை வைத்திருக்கிற தங்கபுஷ்பம் குடை பிடித்துக்கொண்டு வந்து கட்டடத்து வாசலில் நின்றாள். பருத்த உடம்புக்காரி, எதற்கும் அவசரப்படாதவள்.

"டாக்டரம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எங்க குடத்துல ஒருத்தி வந்து இருக்கா."

"யாரு அக்கா?"

"உங்க ஆளுதான்."

கடையின் அடுப்படியில், எவர்சில்வர் குடத்துக்குள், சுற்றிலும் தண்ணீருக்கு ஒரு விரல் அளவே இடம் விட்டு, பொட்டுக்கெண்டை ஒன்று வட்டமாக வளைந்து கிடந்தது. செவுளில் சிவப்புப் புள்ளி. வயிறு இருபுறமும் பிதுங்கச் சினை. வாயைத் திறந்து திறந்து மூடியபடி, வந்த இடம் சரியான இடம்தான் என்ற நிதானத்தோடு டாக்டரம்மாவைப் பார்த்தது. சண்பகவல்லி சாம்பலும் ஈரமுமான அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப வந்தா?"

"இட்லிக்குத் தண்ணி மோக்கப் போனேன். செம்புல இடிச்சா. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு வேற குடத்துல மோந்துகிட்டேன்."

அவள் ஒருத்தி மட்டும் வரவில்லை. பள்ளிவாசல் தெருவில் பாத்திமுத்து வீட்டு மண்பானையில் ஒருத்தி இருந்தாள். கீழத்தெருவில் சலவைக்காரர் வீட்டு வெள்ளாவித் தாழியில் இரண்டு பேர். கோயில் குருக்கள் வீட்டுச் செப்பு அண்டாவிலும், போலீஸ் ஸ்டேஷனில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருந்த நீல டிரம்மிலும், சலூன்காரர் முகம் கழுவ வைத்திருந்த வாளியிலும், எல்லா இடத்திலும் சினை முற்றிய பெண்மீன்கள், வேறு எந்த மீனும் இல்லை, ஓர் ஆணும் இல்லை. குழாயில் வந்ததா, மழையில் வந்ததா, மூடியிருந்த குடத்துக்குள் எப்படி நுழைந்தது என்று ஆலங்கயத்தில் யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. வந்தவளிடம் வழியா கேட்பார்கள்? முதலில் தண்ணீர் மாற்றினார்கள். பிறகு என்ன சாப்பிடுவாள் என்று கேட்டு டாக்டரம்மா வாசலில் கூட்டம் கூடியது. மாவை உருட்டிப் போடாதீர்கள், பாசியும் மண்புழுவும் கொடுங்கள் என்று அவள் சொல்ல, அன்று சாயங்காலமே வாய்க்கால் கரை முழுக்கச் சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் மண்வெட்டியும் கையுமாக நின்றார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அந்த மீன்களுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. மீன் வந்த வீடுகளில் மிளகாய் வறுக்கவில்லை, நெடி ஆகாது என்று. மீன் கடைக்காரர் தானாகவே கடையை அடைத்துவிட்டுக் கருவாட்டை மட்டும் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விற்றார். பூனை வளர்த்தவர்கள் பூனையை இரவில் கட்டிப்போட்டார்கள். மீன் வராத வீட்டுக்காரர்களுக்குத்தான் பெரிய மனக்குறை. தாங்கள் என்ன குறை வைத்தோம் என்று குடங்களைப் புளி போட்டு விளக்கி விளக்கி வாசலில் திறந்து வைத்தார்கள். ரேஷன் கடைக்கார அம்மா, தன் வீட்டுக்கு ஒன்றும் வராத வருத்தத்தில், தினமும் பாத்திமுத்து வீட்டுக்குப் போய்ப் பானையருகே உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிவிட்டு வருவாள். அவள் பேசும்போது மட்டும் மீன் மேலே வந்து நிற்பதாகப் பாத்திமுத்துவே ஒப்புக்கொண்டாள். இப்படியாக, யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே, இவர்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்று ஊர் முழுக்க ஒரே எண்ணம் விழுந்துவிட்டது. குடங்களின் கழுத்தில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் ஏறின. போலீஸ் ஸ்டேஷன் டிரம்முக்குப் போடுகிற அளவுக்கு வளையல் கிடையாதென்று ஏட்டையா தானே வளையல்களை நூலில் கோத்து மாலையாகக் கட்டிவிட்டார்.

சண்பகவல்லிக்குத் தூக்கம் போயிற்று. சினை முற்றின மீன் அதிக நாள் தாங்காது. எடுக்காமல் விட்டால் வயிற்றுக்குள்ளேயே கெட்டு, தாயையும் கொண்டுபோய்விடும். அவள் வீடு வீடாகப் போய், மீன்களைத் தன் தொட்டிகளுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள், மீனைக் கொடுக்கவில்லை. கடைசியில் தங்கபுஷ்பத்தின் கடையிலேயே எல்லாப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"அனுப்ப மாட்டோம்னு சொல்லல டாக்டரம்மா," என்றாள் தங்கபுஷ்பம். "நிறைமாசக்காரிய யாரு வீட்டுக்கு, என்ன உறவுல அனுப்புதோம்னு தெரியணும்லா? பிள்ளைகளுக்கு அப்பன் யாரு?"

"அப்பன் இன்னும் சேரலை அக்கா. மீனுக்கு அப்படித்தான். அவ வயித்துல இருக்கது வெறும் சினை. வெளியே வந்த பிறகுதான் அப்பன் சேரணும்."

பாத்திமுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாம வளையல் போட்டது தப்பா?"

"தப்பில்ல மதினி," என்றாள் தங்கபுஷ்பம், யோசித்தபடி. "ஆனா இது பிள்ளைப்பேறு இல்ல. கல்யாணம். மாப்பிள்ளை எங்க இருக்காவ டாக்டரம்மா?"

"எங்கிட்டத்தான் இருக்காங்க."

மறுநாள் ஊர்ப்பெண்கள் எல்லாரும், சில ஆண்களும், நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். சண்பகவல்லி தடித்த கையுறை போட்டுக்கொண்டு கேனின் மூடியைத் திறந்தாள். வெண்புகை வழிந்து தரையெல்லாம் பரவி, வந்தவர்களின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. புகைக்கு நடுவே, ஒவ்வொரு கயத்துக்கும் ஒரு நிறமாக, குழல்கள் கட்டுக்கட்டாகத் தெரிந்தன.

"இம்புட்டுக் குளிர்லயா இருக்காவ?" என்று ஒருத்தி சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் பாத்திமுத்து.

"சிலபேர் பத்து வருஷத்துக்கு மேல."

"யாருக்காகக் காத்துக் கிடந்தாவன்னு அவ்வோளுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள் பாத்திமுத்து. பிறகு தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நல்ல சம்பந்தியைப்போல, குலம் கோத்திரம் விசாரிக்கத் தொடங்கினாள்.

அந்த இடத்தில்தான் சண்பகவல்லிக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் அவளுடைய படிப்பும் அதையே கேட்கிறது. குழல்கள் வருவதற்கு முந்தி, ஒரே கயத்துக்காரர்களை ஒருவருக்கொருவர் சேர்த்துச் சேர்த்துத்தான் தொட்டியில் பிறந்த குஞ்செல்லாம் முதுகு கோணி, வால் சிறுத்து, ஒரு மழைக்குக்கூடத் தாங்காமல் போயின. அவள் எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னாள்: ஒவ்வொரு மீனின் வாலிலும் அவல் அளவு ஒரு துணுக்கு எடுக்க வேண்டும், வலிக்காது, மறுபடி வளர்ந்துவிடும், அதை மீரானின் வேனில் திருநெல்வேலிக்கு அனுப்பினால், அங்கே இருக்கிற கருவி அதன் மரபணுவைப் படித்து இவள் எந்தக் கயத்து வழி வந்தவள் என்று சொல்லிவிடும், அதன்பிறகு வேறு கயத்து மாப்பிள்ளையாகப் பார்த்துச் சேர்க்கலாம்.

"ஒரே கயம்னா பங்காளி," என்றாள் தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்து. "விளங்குதா எல்லாருக்கும்?"

எல்லாருக்கும் நன்றாக விளங்கியது.

மீரான் துணுக்குகளைக் கொண்டுபோனான். பெண்ணழைப்புக்குப் போகிறவன்போல வேனின் முகப்பில் மல்லிகைச் சரம் தொங்கியது. முடிவுகள் வந்தபோது சண்பகவல்லி நாற்காலியில் இருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி படித்தாள். குடங்களில் இருந்தவர்கள் ஒரு குடும்பத்தார் அல்ல. ஆனைக்கயத்துக்காரி இருந்தாள், நெட்டைக்கயத்துக்காரிகள் இருந்தார்கள், பாறைக்கு வெடி வைத்து உடைத்ததில் மூடிப்போன மஞ்சக்கயத்துக்காரியும் இருந்தாள். அந்தக் கயத்தில் மாடு மேய்ந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆறு தொலைத்த வழிகள் எல்லாம் ஊரின் அடுப்படிகளில் வந்து கூடியிருந்தன.

பிறகு பொருத்தம் பார்க்கிற நாட்கள். சலவைக்காரர் வந்து, தன் வீட்டு மீன்கள் இரண்டும் நெட்டைக்கயம் ஆயிற்றே, அந்தக் கட்டுக் குழலைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள் என்று மூன்று தரம் நினைவூட்டிவிட்டுப் போனார். குருக்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஏட்டையா பெண்ணுக்கும் ஒரே மாப்பிள்ளை வேண்டாம், ஆளுக்கு ஒருவராகப் பாருங்கள், பிள்ளைகள் நாளைக்கு ஒருவருக்கொருவர் முறையாகணும் என்றாள் ரேஷன் கடைக்கார அம்மா. அது முழுக்கச் சரி. சண்பகவல்லி பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

"உறைஞ்சு கிடக்கறவங்க எழுந்திருப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது அக்கா. நைட்ரஜன் குறைஞ்ச வாரமெல்லாம் உண்டு. வெள்ளம் வந்து ரோடு அடைஞ்ச வருஷம் உண்டு. நான் ஊத்தி ஊத்தி வச்சது செத்த சாமானோ என்னமோ."

"எந்தச் சம்பந்தத்துக்குத்தான் உறுதி சொல்லிக் கட்டிக் குடுக்கோம்?" என்றாள் தங்கபுஷ்பம். "நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க."

மழை விட்ட ஒரு காலையில் குடங்கள் ஊர்வலமாக வந்தன. இடுப்பிலும் தலையிலும், சைக்கிள் கேரியரிலும், டிரம் மட்டும் போலீஸ் ஜீப்பிலும். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தங்கபுஷ்பத்தின் மீன்தான் முதல். ஈரத்துணியில் அதை ஏந்தி, சண்பகவல்லி வயிற்றை மேலிருந்து கீழாக நீவியபோது, அது துள்ளவில்லை. தேன்நிறச் சினை உலர்ந்த பீங்கான் கிண்ணத்தில் மணிமணியாக இறங்கியது. அதுவரை தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு அவள் ஆனைக்கயத்துக் குழல் ஒன்றைக் கேனிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான நீரில் காட்டிக் கரைத்து, ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். விந்து தண்ணீர் படும்வரை அசையாது. தண்ணீர் பட்டால் அரை நிமிஷம், போனால் ஒரு நிமிஷம், அவ்வளவுதான் அதன் ஓட்டம். அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

ஒன்றும் அசையவில்லை. தூசி மாதிரிக் கிடந்தன.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அத்தனை முகங்களைப் பார்க்க வேண்டும். தங்கபுஷ்பம் அவள் முதுகில் கையை வைத்தாள், கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. சண்பகவல்லி அதே தகப்பனின் இன்னொரு குழலை எடுத்தாள். கரைத்தாள். துளி வைத்தாள். தண்ணீர் விட்டாள். முதலில் ஒரு ஓரத்தில் ஏதோ நடுங்கியதுபோல் இருந்தது, பிறகு அந்த ஓரமே கலங்கியது, பிறகு பார்வைக்குள் அடங்கிய உலகம் முழுக்க, கொட்டிக் கவிழ்த்த எறும்புப் புற்றுபோல, ஓடின.

"ஓடுது" என்றாள்.

"ஓடுதாம்" என்று தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்துச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் தெருவுக்குச் சொன்னார்கள், தெரு பஸ் ஸ்டாண்டுக்குச் சொன்னது, தென்காசி பஸ்ஸின் கண்டக்டர் விசிலை ஊதாமல் நிறுத்தி, "ஓடுதாம்ங்க" என்று பயணிகளுக்குச் சொன்னார், விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களும் ஏனோ நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு நேரமே இல்லை. சினைமேல் விந்தை ஊற்றி, கோழியிறகால் கலக்கி, தண்ணீர் விட்டு, தட்டுகளில் பரப்பி, ஓடுகிற நீரில் வைத்து, அடுத்த குடம், அடுத்த குழல். வேலை முடிய மதியம் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் கூடாத சினை சுண்ணாம்பாக வெளுத்திருக்கும், கூடின சினை கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். சலூன்காரர் வீட்டு மீனின் தட்டு முழுக்க வெளுத்துப்போயிருந்தது. அவர் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் தங்கபுஷ்பம்தான் சாப்பாடு அனுப்பினாள். மற்றத் தட்டுகள் எல்லாம் தெளிந்திருந்தன. இன்னும் இரண்டொரு நாளில் ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றின. கண்கள் என்று சண்பகவல்லி சொன்னாள்.

குருபாதம் சார் நேரில் வந்தார். தட்டுகளைப் பார்த்தார், கேன்களைப் பார்த்தார், கழுத்தில் வளையல் போட்ட குடங்களைப் பார்த்தார்.

"மேலே என்னன்னு சொல்றதும்மா?"

"பெண்மீன் கிடைச்சதுன்னு சொல்லுங்க சார்."

"எங்கே கிடைச்சதுன்னு கேப்பாங்களே."

"ஊர்லதான்" என்றாள் தங்கபுஷ்பம், அவருக்கு இடியாப்பம் வைத்தபடி. அவர் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். கேன்களை மூடுகிற பேச்சு அதோடு நின்றது.

வயிறு லேசான தாய்மீன்களை ஆற்றில் விடலாம் என்று சண்பகவல்லி சொன்னபோது ஊர் மறுபடி ஒரு தரம் முரண்டு பிடித்தது. சாக்கடை விழுகிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதா? வெடி போடுகிற இடத்தில் பிள்ளைகள் எப்படி வளரும்? இதை மனுவாக எழுதி யாரும் கொண்டுபோகவில்லை. ஏட்டையாவே சாக்கடையைத் திருப்பிவிடச் சொல்லிப் பேரூராட்சி ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார், அவருக்கும் அதில் ஒரு பெண் இருந்தாளே. ஆற்றில் வெடி போட்டு வந்த மாசானம் என்பவன் வீட்டு அண்டாவிலும் ஒருத்தி வந்திருந்தாள். அவன் இப்போது சாயங்காலமானால் ஆனைக்கயத்துப் பாறையில் உட்கார்ந்து, வலையோடு வருகிறவனை எல்லாம் கேள்வி கேட்டுக் குடைந்தெடுத்தான். சாக்கடை திரும்பியது. தண்ணீர் தெளிய ஒரு கோடையும் ஒரு மழையும் ஆயிற்று. அதுவரை தொட்டிகளில் தாய்களும், விரல் நீளம் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும், முதுகு நேராக, வால் அகலமாக, எந்த நேரமும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு இருந்தார்கள். ஆனிச் சாரலில் எல்லாரையும் அவரவர் கயத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வழியனுப்பும்போது பெண்கள் அழுதார்கள், ஆனால் நல்ல இடத்தில் கொடுத்த அழுகைதான். பாத்திமுத்து வீட்டுப் பானைக்கு வந்த மஞ்சக்கயத்தாளை மட்டும் எங்கே விடுவதென்று பேச்சு வந்தபோது, பாத்திமுத்து தன் பிள்ளைகளையும் கூட்டி வந்து, கடப்பாரை போட்டு, ஊரோடு சேர்ந்து அந்த மடுவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு ஐப்பசி கழிந்து, வெயில் வந்த ஒரு முற்பகலில், மாசானம் ஆளனுப்பிக் கூப்பிட, சண்பகவல்லியும் தங்கபுஷ்பமும் ஆனைக்கயத்துக்கு மேலே ஆறு சரளைக்கல்லில் சலசலத்து ஓடுகிற இடத்துக்குப் போனார்கள். முழங்கால் ஆழத் தண்ணீர். அதில் பெரிய பெண்மீன் ஒன்று கல்லோடு வயிற்றைத் தேய்த்து நடுங்கியது, இருபுறமும் ஆண்கள் நெருங்கின, தண்ணீர் ஒரு கணம் பாலாகக் கலங்கிற்று. தெளிந்ததும் சரளைக்கல் முழுக்கத் தேன்நிற மணிகள் ஒட்டியிருந்தன. யாரும் நீவவில்லை, யாரும் கலக்கவில்லை.

சண்பகவல்லி பழக்கத்தில் பையைத் திறந்து, மாதிரி எடுக்கிற போத்தலை எடுத்தாள்.

"அதை உள்ள வைங்க," என்றாள் தங்கபுஷ்பம். "அவ்வோ பாத்துக்கிடுவாவ."

போத்தல் பைக்குள் போயிற்று. சண்பகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரம் மீன்களை எண்ணிப் பார்த்தாள். இன்னொரு கூட்டம் கீழிருந்து ஏறி வந்து எல்லாவற்றோடும் கலந்தது. எண்ணிக்கை தப்பிப்போயிற்று. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை.